பழைய கணினிக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பட்டர்வொர்த்தில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வரும் நான், திரையில் தோன்றும் படங்களை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டைப் பழைய கணினிக்கு வாங்க எண்ணும் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு செய்தியைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். கார்டைப் பிறகு தேடுங்கள். சுவர் மின்சாரத்தை மாற்றிக் கணினியின் பாகங்களுக்குப் பகிர்ந்து தரும் பவர் சப்ளையை முதலில் பாருங்கள். இந்த வரிசை மாறிப்போவதால்தான் பணம் வீணாகிறது, கணினி பாழாகிறது, சில வேளைகளில் வீட்டுக்கே ஆபத்து வந்துவிடுகிறது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவுக்கு வந்த பிறகு, அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் அலுவலக வேலைக்கென்றே தயாரித்தவை. உறுதியானவை, சத்தமில்லாமல் ஓடக்கூடியவை. பிள்ளைகளுக்காக இவற்றை வாங்கும் குடும்பங்களை நான் குறைசொல்ல மாட்டேன், நானே பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. பிள்ளை காணொளி தொகுக்க வேண்டும், முப்பரிமாண வரைகலை பழக வேண்டும், நண்பர்களோடு விளையாட வேண்டும் என்று கேட்கும்போது, ஒரு கார்டு வாங்கிச் செருகினால் போதும் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். கார்டும் இணையச் சந்தையிலிருந்து வந்து சேர்கிறது. கணினியின் மூடியைக் கழற்றிய பிறகுதான், அந்தக் கார்டின் விளிம்பில் உள்ள மின் இணைப்பில் செருகுவதற்கான கம்பி அந்தக் கணினிக்குள் இல்லவே இல்லை என்பது தெரிய வருகிறது.

இல்லாததற்குக் காரணம் உண்டு. கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் செய்யப்பட்ட கணினிக்கு, அந்த வேலைக்குத் தேவையான அளவு மின்சாரத்தைத் தரும் பவர் சப்ளையைத்தான் தயாரிப்பாளர் பொருத்துவார். 2013ஆம் ஆண்டு வாக்கில் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020ஐ எடுத்துக்கொண்டால், அதன் பெரிய பெட்டி வகையில் 290 வாட் பவர் சப்ளையும் சிறிய பெட்டி வகையில் 255 வாட் பவர் சப்ளையும்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் கடையில் கிடைக்கும் பெரிய பவர் சப்ளையை மாட்டலாமே என்று கேட்கலாம். பொதுவான பவர் சப்ளையிலிருந்து, பாகங்களையெல்லாம் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்குச் செல்லும் முதன்மை இணைப்புக்கு 24 முனைகள் இருக்கும். இத்தகைய அலுவலகக் கணினிகள் பலவற்றிலோ அந்த இடத்தில் நிறுவனத்துக்கே உரிய வேறு வடிவ இணைப்பு இருக்கும். அதற்கென மாற்றுக் கம்பி தனியாக வாங்க வேண்டும். சிறிய பெட்டியாக இருந்தால் பவர் சப்ளையின் உருவமே வேறு, பொதுவானது உள்ளே நுழையவே நுழையாது. ஆகவே, கணினியை வாங்கும்போதே பெரிய பெட்டியா சிறிய பெட்டியா என்பதையும், மதர்போர்டில் 24 முனை இணைப்பு உண்டா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

இனி மின் கணக்குக்கு வருகிறேன். இதைப் பொறியாளர்களின் வேலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆறாம் ஆண்டு மாணவர் போடக்கூடிய பெருக்கல்தான். கார்டு செருகப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை அதிக அளவாக 75 வாட் தரும். கார்டின் விளிம்பில் 6 முனை இணைப்பு இருந்தால் அதன் வழியாக மேலும் 75 வாட்டும், 8 முனை இணைப்பு இருந்தால் 150 வாட்டும் கிடைக்கும். எனவே, எந்த இணைப்பும் இல்லாத கார்டு 75 வாட்டுக்குள் அடங்கியாக வேண்டும் என்பது தானே விளங்கும். சில பழைய சிறிய பெட்டிக் கணினிகளில் துளைக்கான வரம்பு இதனினும் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், தயாரிப்பாளரின் கையேட்டை ஒருமுறை பார்ப்பது நல்லது.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் 500, 600 என்ற எண்ணைவிட இந்த அட்டவணைதான் முக்கியம். அதில் 12 வோல்ட் என்ற பத்தியைத் தேடி, அதன்கீழ் உள்ள ஆம்பியர் எண்ணை 12ஆல் பெருக்குங்கள். இன்றைய கணினியில் அதன் மூளையான பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான் மின்சாரம் எடுக்கின்றன. பெட்டியில் 500 வாட் என்று போட்டுவிட்டு, அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் மட்டும் காட்டினால், கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்து அது தரக்கூடியது 216 வாட்தான். மிச்சமுள்ள வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் வழிகளின் கணக்கில் சேர்க்கப்பட்டவை. அந்த வழிகளைப் பெரிதும் நம்பியிருந்த கணினிகளின் காலம் எப்போதோ போய்விட்டது. 12 வோல்ட் இரண்டு பத்திகளாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் இரண்டையும் கூட்டிவிடக் கூடாது. அவற்றுக்குக் கீழே இரண்டுக்கும் சேர்த்த வாட் அளவு ஒன்று தனியாக அச்சிடப்பட்டிருக்கும், அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் தெளிவாகும். இன்டெல் ஐ5 4570 பிராசஸருக்கு அதன் தயாரிப்பாளர் குறித்திருப்பது 84 வாட். மதர்போர்டு, நினைவகம், வட்டு, விசிறி எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வாட் வைத்துக்கொண்டால் 134 ஆகிறது. இதோடு 75 வாட் கார்டைச் சேர்த்தால் 209. 290 வாட் பவர் சப்ளைக்கு இது தாங்கக்கூடிய சுமைதான். அதே இடத்தில் 130 வாட் கார்டை வைத்தால் 264 ஆகிறது. எண்ணளவில் இதுவும் 290க்குள் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டுகள் கண நேரத்துக்குத் தம் குறித்த அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுப்பவை, பல ஆண்டுகள் உழைத்த பவர் சப்ளையோ புதிதாக இருந்தபோது கொண்டிருந்த வலுவோடு இருக்காது. விளையாட்டின் நடுவே கணினி திடீரென்று அணைந்து மறுபடி தொடங்குகிறது என்று என்னிடம் கொண்டுவரப்படும் கணினிகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொரு கார்டு வாங்கியவர்களும் உண்டு.

வலு குறைவதற்கு நம் தட்பவெப்பமும் துணைபோகிறது. பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்கும் மின்தேக்கிகளில் திரவம் கொண்ட வகை, வெப்பத்தில் மெல்ல மெல்ல உலர்ந்து போகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் கணக்கு. பெட்டிகளில் காணப்படும் 80 பிளஸ் முத்திரைக்கான சோதனை 23 டிகிரி வெப்பநிலையில் நடத்தப்படுகிறது. குளிர்சாதனம் இல்லாத நம் வீட்டு அறையில் பிற்பகல் நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும், மூடிய பெட்டிக்குள் இன்னும் அதிகம். அந்த முத்திரையைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 2004இல் தொடங்கிய 80 பிளஸ் திட்டம், சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் அளக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற தரவரிசை மின் சிக்கனத்துக்கானது. பாதுகாப்புக்கும் நீடித்த உழைப்புக்கும் அது சான்றாகாது. மின்னழுத்தம் மிகுந்தால், மின்னோட்டம் மிகுந்தால், குறுக்குச் சுற்று நேர்ந்தால் தானே நின்றுவிடும் காப்புகள் உள்ளனவா, உத்தரவாதம் எத்தனை ஆண்டுகள், 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்ற இந்த மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ உத்தரவாதம் தரும் நிறுவனத்தின் 450 அல்லது 550 வாட் பவர் சப்ளை, நான் இங்கே பேசும் வகைக் கணினிக்குத் தாராளம். 750 வாட் வாங்கினால்தான் எதிர்காலத்துக்கு நல்லது என்று வற்புறுத்துபவர்களின் பேச்சுக்கு இணங்க வேண்டியதில்லை.

மாற்றுக் கம்பிகளைப் பற்றி நான் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். வட்டுக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பிலிருந்து கார்டின் 6 முனை, 8 முனை இணைப்புக்குச் செல்லும் மாற்றுக் கம்பிகள் சில ரிங்கிட்டுக்கு விற்கப்படுகின்றன. ஒரு சாட்டா இணைப்பின் 12 வோல்ட் முனைகள் தாங்கக்கூடியது 54 வாட். 6 முனை இணைப்பு கேட்கக்கூடியதோ 75 வாட், 8 முனை இணைப்பு கேட்கக்கூடியது 150 வாட். இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவரும் அப்படியொரு கம்பியை விற்க மனம் துணியமாட்டார். அண்மையில் ஒரு தாயார், வீட்டில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் சுவிட்சை அடைத்துவிட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். அந்த இணைப்பு உருகிக் கம்பியோடு ஒட்டிப்போயிருந்தது. கார்டை விற்றவரே அந்தக் கம்பியையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்திருந்தார். நல்ல வேளையாக அந்தத் தாயார் பக்கத்து அறையில் விழித்திருந்தார்.

கம்பிகளைக் கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளை வைத்திருப்போர், ஒரு நிறுவனத்தின் கம்பியை இன்னொரு நிறுவனத்தின் பவர் சப்ளையில் மாட்டக் கூடாது. கணினிப் பக்கத்து முனைகள் ஒரே மாதிரி இருந்தாலும் பவர் சப்ளைப் பக்கத்து முனைகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், தவறாக மாட்டினால் வட்டும் மதர்போர்டும் ஒரே நொடியில் போய்விடும். மிகப் பழைய பவர் சப்ளைகளின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு விசை இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால் அந்த விசையைப் பிள்ளைகள் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும். இடிமின்னல் மிகுந்த நாடு நம்முடையது, ஆகவே மழை இருட்டிக்கொண்டு வரும்போது பிளக்கைக் கழற்றிவிடுவது எந்தக் காப்புக் கருவியையும்விட மேல்.

பவர் சப்ளை எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்த பிறகு கார்டைத் தேர்ந்தெடுப்பது எளிது. தனி மின் இணைப்பு இல்லாத கார்டுகளில் இன்று நான் முதலில் சொல்வது 2024 பிப்ரவரியில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி வகை. அது 70 வாட்டில் அடங்கும். ஆனால் அதே பெயரில் அதற்கு முன்பே வந்த 8 ஜிபி வகை 130 வாட் கேட்கும், அதற்குத் தனி இணைப்பும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தது வாங்குபவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன். விளம்பரத்தில் ஜிபி அளவைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 இன்னும் பயனுள்ள கார்டு, அதுவும் 75 வாட்தான். ஆயினும் அதிலும் 6 முனை இணைப்பு கொண்ட வகைகள் உள்ளன என்பதால் கார்டின் படத்தை விளிம்புப் பக்கமாகக் கேட்டுப் பெற வேண்டும். சிறிய பெட்டிக் கணினிக்குப் பாதி உயரக் கார்டுதான் பொருந்தும், அந்த உயரத் தகடு கார்டோடு வருகிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்டில் ஓடுவதால் பலரும் அதை நாடுகிறார்கள். அது மதர்போர்டோடு நான்கு தரவுத் தடங்கள் வழியாக மட்டுமே பேசும். புதிய கணினியில் அது போதும், பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறைத் துளையில் அந்தப் பாதையின் கொள்ளளவு பாதியாகிவிடும், இரண்டாம் தலைமுறைத் துளையில் கால்வாசிதான் மிஞ்சும். காணொளியைப் பதிவு செய்து சுருக்கித் தரும் வன்பொருள் அதில் இல்லாததால், காணொளி தொகுக்கும் பிள்ளைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. இன்டெல் ஆர்க் ஏ380 விலைக்கு நல்ல கார்டு என்றாலும், பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுக உதவும், பழைய மதர்போர்டுகளில் பொதுவாக இல்லாத ரீசைசபிள் பார் என்ற வசதி இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். என்விடியாவின் ஜிடி 1030 கார்டை வாங்குவோர் டிடிஆர்4 நினைவகம் கொண்ட வகையைத் தவிர்க்க வேண்டும். ஜிடிடிஆர்5 வகையோடு ஒப்பிட்டால் அது மிகவும் மெதுவானது.

பயன்படுத்தப்பட்ட கார்டுகளின் சந்தையில் இன்னும் அதிகமாகக் காணப்படுவது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016இல் வந்தபோது அது மிகச் சிறந்த தேர்வாக இருந்தது. என்விடியா அந்தத் தலைமுறைக்கான டிரைவர் என்னும் இயக்க மென்பொருளின் முழு வெளியீட்டை 2025 அக்டோபரோடு நிறுத்தி, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாக அறிவித்துள்ளது. இன்று அதற்கு அதிக விலை கொடுக்கக் கூடாது. அதன் பெயரில் போலிகளும் உலவுகின்றன: பல ஆண்டுகளுக்கு முந்தைய, வேகம் குறைந்த சில்லின் மென்பொருளை மாற்றி எழுதி, கணினியில் 1050 டிஐ என்றே காட்டும்படி செய்துவிடுகிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய கார்டுகள் பலவற்றைப் போலி என்று சுட்டிக்காட்டும். கார்டு வந்த அன்றே அதை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். மேலும், 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னெண் நாணயத்தைக் கணினிகளைக் கணக்கிட வைத்து ஈட்டும் ‘தோண்டும்’ முறை முடிவுக்கு வந்தபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன, அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

பழைய மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் இருந்தால் புதிய கார்டோடு நேரடியாக இணையாது, மாற்றி ஒன்று தேவைப்படும். 2012க்கு முந்தைய மதர்போர்டுகள் சில, புதிய கார்டுகளை ஏற்காமல் திரை இருண்டே நிற்கும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கும் பழைய கணினியில் பெரும் பணத்தைப் போடுவதைவிட, அந்தப் பணத்தையும் சேர்த்து எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றை வாங்கிவிட்டுக் கார்டைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவது அறிவுடைமை.

1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது நம் பினாங்கு பாயான் லெப்பாசில்தான். அன்று முதல் நம்மவர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்குள்ள தொழிற்சாலைகளில் சில்லுகளைச் சோதித்துச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில், ஒரு பவர் சப்ளையின் அட்டவணையைப் படிக்கும் முறையைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் ஒரு தாய் ஏமாறுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கணினிக் கடைக்காரர்களுக்கும் இணையத்தில் விற்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பவர் சப்ளை விளம்பரத்தில் 12 வோல்ட்டின் ஆம்பியர் அளவையும், கார்டு விளம்பரத்தில் வாட் அளவு, மின் இணைப்பின் முனை எண்ணிக்கை, நீளம், உயரம், பிடிக்கும் துளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் வெளிப்படையாகப் போடுங்கள். வாங்குவோர் கடைக்குப் புறப்படும் முன் பவர் சப்ளை அட்டவணையையும், மதர்போர்டின் துளையையும், பெட்டியின் உள்பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துச் செல்ல வேண்டும். பெட்டிக்குள் உள்ள இடத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் தந்துவிட்டு விற்றவர் கைவிரித்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கைப் பதியலாம், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. சில நூறு ரிங்கிட்டுக்காக அலைவானேன் என்று விட்டுவிடுவதால்தான் அதே ஆட்கள் அதே பொருளை அடுத்தவருக்கும் விற்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளிகளுக்கும் வசதி குறைந்த மாணவர்களுக்கும் பழைய கணினிகளை நன்கொடையாக வழங்கும் சங்கங்களும் ஆலயங்களும், ஒவ்வொரு கணினியின் பவர் சப்ளை எத்தனை வாட், எத்தனை ஆண்டு பழையது, அதில் எந்த அளவு கார்டைப் பொருத்தலாம் என்று ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டித் தர வேண்டுகிறேன். தாங்கள் இடம் ஒதுக்கித் தருவதாயின், பவர் சப்ளை அட்டவணையைப் படிக்கும் முறையைப் படத்துடன் விளக்கித் தங்கள் நாளிதழுக்கு எழுதித் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.